ஜப்பானில் படிக்கும் மாணவரின் துணைவருக்குக் குடியிருப்பு அட்டை: கேரள, ஆந்திர எல்லைத் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானியப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருப்பவரை மணந்து, அவருடன் சேர்ந்து வாழப் புறப்படும் துணைவருக்கு அந்நாட்டின் குடியிருப்பு அட்டை, அதாவது அங்கே நெடுநாள் தங்கும் வெளிநாட்டினருக்கான அடையாள அட்டை, விமான நிலையத்திலேயே, குடிவரவு அதிகாரியின் மேசையில், சில நிமிடங்களில் கைக்குக் கிடைத்துவிடுகிறது. ஆனால் அதற்கான வேலை முழுவதும் பல மாதங்களுக்கு முன்பே கொழிஞ்சாம்பாறையிலோ மூணாறிலோ நகரியிலோ குப்பத்திலோ நடந்து முடிந்திருக்க வேண்டும். எல்லை மாவட்டங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் ஆவணங்கள் ஒன்று மலையாளத்திலும், ஒன்று தெலுங்கிலும், மற்றொன்று தமிழிலுமாக இருப்பதால், மற்றவர்களைவிட நாம் இதில் கூடுதல் கவனம் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பணக் குறைவால் தடைபடும் விண்ணப்பங்கள் உண்டு என்பது உண்மையே. ஆயினும் பெயரும் தேதியும் ஒரு தாளுக்கும் இன்னொரு தாளுக்கும் பொருந்தாமல் தடைபடுபவைதான் என் மனத்தை அதிகம் வருத்துகின்றன, ஏனெனில் அவை முன்கூட்டியே தவிர்க்கக்கூடியவை.

யாருக்கு இந்த வழி உண்டு?

ஜப்பானில் மூன்று மாதங்களுக்கு மேல் தங்கும் வெளிநாட்டினர் ஒவ்வொருவருக்கும் ஒரு தங்கல் தகுதி உண்டு. மாணவருடைய கணவன், மனைவி, பிள்ளைகளுக்கு உரிய தகுதியின் பெயர் ‘கஸோகு தைஸாய்’, அதாவது குடும்பத் தங்கல். பல்கலைக்கழகம், பட்ட மேற்படிப்பு, தொழிற்கல்விக் கல்லூரி ஆகியவற்றில் படிப்பவர்கள் தம் துணைவரை இத்தகுதியில் அழைத்துக்கொள்ளலாம். ஜப்பானிய மொழிப் பள்ளியில் மட்டும் படித்துக்கொண்டிருப்பவருக்கு இந்த உரிமை கிடையாது. மொழிப் பள்ளியில் சேர்ந்த கையோடு மனைவியையும் அழைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பணம் கேட்கும் முகவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சை நம்பி ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.

பெற்றோர், உடன்பிறந்தோர் ஆகியோர் இத்தகுதிக்குள் வருவதில்லை. நிச்சயிக்கப்பட்டு இன்னும் மணமாகாதவரும் வருவதில்லை. திருமணம் சட்டப்படி பதிவாகியிருக்க வேண்டும்.

சுற்றுலா விசாவில் சென்று அங்கேயே தகுதியை மாற்றிக்கொள்ளலாம் என்ற யோசனையும் அடிக்கடி சொல்லப்படுகிறது. குறுகிய காலத் தங்கலிலிருந்து வேறு தகுதிக்கு மாறுவதைத் தவிர்க்க முடியாத சிறப்புக் காரணம் இருந்தாலன்றி அந்நாடு அனுமதிப்பதில்லை என்பதால், நேரான வழியிலேயே செல்லுங்கள். அந்த வழி நான்கு படிகளைக் கொண்டது: இங்கே திருமணப் பதிவு, அங்கே தகுதிச் சான்றிதழ், சென்னையில் விசா, ஜப்பானில் இறங்கும்போது அட்டை.

முதற்படி: திருமணப் பதிவு

கோயில் ரசீதும் அழைப்பிதழும் திருமண நிழற்படங்களும் துணைச் சான்றுகளே தவிர, அவை பதிவுச் சான்றிதழுக்கு ஈடாகா. கேரளத்தில் நடந்த திருமணமாக இருந்தால், 2008ஆம் ஆண்டின் பொதுத் திருமணப் பதிவு விதிகளின்படி, எந்த மதத்தினராயினும், திருமணம் நடந்த இடத்தின் ஊராட்சியிலோ நகராட்சியிலோ 45 நாட்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். இப்போது இதற்கான விண்ணப்பம் கே-ஸ்மார்ட் தளத்தின் வழியே செல்கிறது. கணினியில் பழக்கம் இல்லாதவர்கள் அருகிலுள்ள அக்ஷயா மையத்தின் உதவியை நாடலாம். ஆந்திரத்தில் 2002ஆம் ஆண்டின் கட்டாயத் திருமணப் பதிவுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. இந்துத் திருமணங்களைப் பெரும்பாலோர் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்கிறார்கள்.

எல்லைப் பகுதியில் இன்னொரு நிலைமையும் மிகச் சாதாரணம். பெண் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தில் இருப்பார், மாப்பிள்ளை பொள்ளாச்சிப் பக்கம் இருப்பார், திருமணம் பழனியில் நடந்திருக்கும். அல்லது நகரியில் வாழும் இரு குடும்பத்தார் திருத்தணியில் திருமணத்தை முடித்திருப்பார்கள். அப்படியானால் பதிவு தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி நடக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 90 நாட்கள் கொடுக்கிறது, அதற்குப் பின் மேலும் 60 நாட்கள் கூடுதல் கட்டணத்துடன் கொடுக்கிறது. சொந்த ஊராட்சியில் போய்க் கேட்டுவிட்டு, ‘இங்கே முடியாது’ என்ற பதிலுடன் திரும்பி, மாதக்கணக்கில் சும்மா இருந்துவிடுகிறவர்கள் உண்டு. திருமணம் எங்கே நடந்ததோ அந்த ஊரிலிருந்து தொடங்குங்கள்.

சான்றிதழ் கையில் கிடைத்ததும், அலுவலக வாசலைத் தாண்டும் முன், அதைப் பாஸ்போர்ட்டுடன் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நம் பெயர்களில் தந்தை பெயரின் முதலெழுத்து மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அது தந்தையின் முழுப் பெயராக விரிந்திருக்கும். கேரள அலுவலகங்களில் வீட்டுப்பெயர் கேட்பார்கள், அது சில நேரங்களில் பெயருடன் ஒட்டிக்கொண்டு அச்சாகிவிடும். ஆந்திரத்தில் ‘இண்டி பேரு’ எனப்படும் குடும்பப் பெயர் முதலில் வருவது வழக்கம். நமக்கு அப்படி ஒன்று இல்லாததால், எழுதுபவர் தந்தை பெயரையோ சாதிப் பெயரையோ அந்த இடத்தில் போட்டு நிரப்பிவிடுவார். நம் ஊரில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் நம் பெயர் வழக்கத்தை அறியாத ஜப்பானிய அதிகாரிக்கு, இரண்டு தாள்களில் இரண்டு விதமாக இருக்கும் பெயர் இரண்டு வேறு மனிதர்களைக் குறிப்பதாகத் தோன்றினால் அவரைக் குறை சொல்ல இயலாது.

குடியிருப்பு அட்டையில் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரே அச்சாகும் என்பதால், பாஸ்போர்ட்டையே அளவுகோலாகக் கொண்டு மற்ற தாள்களை அதற்கேற்பத் திருத்துவதுதான் சரியான வழி. கணவர் பெயரைப் பாஸ்போர்ட்டில் சேர்க்க விரும்பினால், எல்லாவற்றுக்கும் முன்பாக அதைச் செய்துவிடுங்கள். தகுதிச் சான்றிதழ் வந்த பிறகு பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றினால் இரண்டும் பொருந்தாமல் போகும். பிறந்த ஊரை எழுதும்போதும், பாலக்காட்டுச் சித்தூரும் ஆந்திரச் சித்தூரும் ஆங்கிலத்தில் வெவ்வேறு எழுத்துகளில் எழுதப்படுவதை நினைவில் வைத்து, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

இரண்டாம் படி: தகுதிச் சான்றிதழ்

இதுதான் முழு நடைமுறைக்கும் முதுகெலும்பு. துணைவர் ஜப்பானுக்கு வரத் தகுதியுடையவர் என்று அந்நாட்டுக் குடிவரவுப் பணியகம் முன்கூட்டியே ஆராய்ந்து வழங்கும் சான்றிதழ் இது. ஜப்பானியர் இதை ‘ஸாய்ர்யூ ஷிகாகு நின்தே ஷோமேஷோ’ என்பர். இதற்கு இங்கிருந்து விண்ணப்பிக்க வேண்டியதில்லை. அங்கே படித்துக்கொண்டிருக்கும் கணவரோ மனைவியோ, தாம் வசிக்கும் பகுதிக்கு உரிய வட்டாரக் குடிவரவுப் பணியகத்தில், துணைவரின் சார்பில் விண்ணப்பத்தைக் கொடுக்கிறார். கட்டணம் எதுவும் இல்லை. முடிவு தெரிய ஒன்று முதல் மூன்று மாதங்கள் ஆகும் என்பது பொதுவான கணக்கு.

விண்ணப்பத்துடன் செல்ல வேண்டியவை: 4 செ.மீ. உயரமும் 3 செ.மீ. அகலமும் கொண்ட அண்மை நிழற்படம், திருமணச் சான்றிதழின் நகல், மாணவருடைய குடியிருப்பு அட்டை அல்லது பாஸ்போர்ட்டின் நகல், குடும்பத்தைத் தாங்கும் வசதி உண்டு என்பதற்கான சான்றுகள், பதில் அனுப்பப் பதிவுத் தபாலுக்கான தலை ஒட்டிய உறை. ஜப்பானில் பெறப்படும் சான்றுகள் மூன்று மாதங்களுக்கு உட்பட்டவையாக இருக்க வேண்டும். ஜப்பானிய மொழியில் இல்லாத ஒவ்வொரு தாளுக்கும் ஜப்பானிய மொழிபெயர்ப்பு இணைக்கப்பட வேண்டும். மொழிபெயர்ப்பை அரசு அங்கீகாரம் பெற்றவர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை, மொழி தெரிந்த மாணவரே செய்து தம் பெயரையும் தேதியையும் கீழே எழுதலாம். சான்றிதழ் மலையாளத்திலோ தெலுங்கிலோ மட்டும் இருந்தால், முதலில் ஆங்கிலப் படி ஒன்றைப் பதிவு அலுவலகத்திலிருந்தே பெற்றுக்கொள்ளுங்கள். மலையாளம் படிக்கத் தெரிந்து ஜப்பானிய மொழியும் அறிந்த ஒருவரை ஒஸாகாவிலோ செண்டாயிலோ தேடிக்கொண்டிருப்பது வீண் அலைச்சல்.

விண்ணப்பப் படிவத்தில் இரண்டு இடங்களில் நின்று நிதானிக்க வேண்டும். ஒன்று, திருமணம் எந்த அலுவலகத்தில், எந்தத் தேதியில் பதிவானது என்று கேட்கும் கட்டம். ஜப்பானிய அலுவலகத்துக்கு ஒரு வரியும், தாய்நாட்டு அலுவலகத்துக்கு ஒரு வரியுமாக அது இருக்கும். பலரும் இங்கே முகூர்த்த நாளை எழுதிவிடுகிறார்கள். கேட்கப்படுவது பதிவு நாள். தாலி கட்டிய நாளும் பதிவான நாளும் சான்றிதழில் தனித்தனியே இருக்கும், அவற்றைக் கலந்துவிடக் கூடாது.

மற்றொன்று, மாணவர் தாம் முதன்முதலில் ஜப்பானுக்கு விண்ணப்பித்தபோது என்ன எழுதிக்கொடுத்தார் என்பது. அவருடைய அன்றைய படிவத்தில் மணமானவரா இல்லையா என்ற கேள்வி இருந்தது. திருமணம் முடிந்திருந்தும் பதிவாகவில்லையே என்று நினைத்து ‘இல்லை’ என்று எழுதியவர்கள் நம்மவரில் உண்டு. இன்று கொடுக்கும் சான்றிதழில் திருமண நாள் அந்தப் படிவத்தின் நாளுக்கு முந்தையதாக இருந்தால், பணியகத்தின் பதிவேட்டில் முரண்பாடு தெரியும். அதை மறைக்க முயல வேண்டாம். நம் ஊர் வழக்கில் சடங்கு ஒரு நாளிலும் பதிவு வேறொரு நாளிலும் நடக்கின்றன என்பதையும், அன்று அப்படி எழுதியது ஏன் என்பதையும் ஒரு பக்கத்தில் நேர்மையாக விளக்கி இணைப்பதே பாதுகாப்பானது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டுதல்

விண்ணப்பம் வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் இந்தப் பகுதியில்தான். மாணவர் சம்பளக்காரர் அல்லர் என்பதால், இரண்டு பேர் எப்படிச் சாப்பிடுவார்கள், வாடகை எப்படிக் கட்டுவார்கள் என்பதைப் பணியகம் இயல்பாகவே கேட்கும். இவ்வளவு இருப்பு இருந்தால் போதும் என்று பொதுத் தொகை எதுவும் அறிவிக்கப்படவில்லை. பணியகத்தின் ஆவணப் பட்டியலில் இருப்பவை, மாணவர் பெயரிலுள்ள வங்கி இருப்புச் சான்று அல்லது தொகையும் காலமும் குறிப்பிட்ட உதவித்தொகைச் சான்று, இவற்றுக்கு நிகரான பிற ஆவணங்கள்.

ஜப்பானிய அரசின் உதவித்தொகை பெறும் பட்ட மேற்படிப்பு மாணவருக்கு 2024ஆம் ஆண்டு நிலவரப்படி மாதம் 1,43,000 முதல் 1,45,000 யென் வரை கிடைத்தது. அந்தத் தொகை ஒருவருக்காகக் கணக்கிடப்பட்டது, துணைவருக்கெனத் தனித் தொகை கிடையாது. கிராமப்புறப் பல்கலைக்கழகமாயின் சிக்கனமாக இருவர் வாழ இயலும். டோக்கியோவின் நடுவில் அது கடினம். சொந்தச் செலவில் படிப்பவர் ஊரிலிருந்து வரும் பணத்தைக் காட்ட வேண்டும். அங்கேதான் நம் குடும்பங்கள் தடுமாறுகின்றன: மகன் விண்ணப்பிக்கும் வாரத்தில் அவன் கணக்கில் உறவினர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே தவணையில் பெருந்தொகையைப் போட்டுவிடுகிறார்கள். திடீரென்று வந்து நிற்கும் பணம் சந்தேகத்தையே எழுப்பும். மாதாமாதம் ஒரே கணக்கிலிருந்து, ஒரே அளவில், ஆறு மாதமோ அதற்கு மேலோ அனுப்பப்பட்ட பணம், தொகை சிறிதாக இருந்தாலும், நம்பத்தக்கது. அனுப்புபவர் தந்தையாக இருந்தால், அவருடைய வருமான வரித் தாள்களையும், தென்னந்தோப்பு வருமானமோ ஓய்வூதியமோ எதுவாயினும் அதற்கான சான்றையும், உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுங்கள்.

இவற்றுடன், படிவத்தில் கேட்கப்படாவிட்டாலும், ஒரு காரண விளக்கக் கடிதத்தை மாணவர் எழுதி இணைப்பதை நான் உறுதியாகப் பரிந்துரைக்கிறேன். இருவரும் எப்போது மணந்தார்கள், எந்த வீட்டில் வாழப்போகிறார்கள், மாத வரவும் செலவும் எவ்வளவு என்பவற்றை எண்களுடன் இரண்டு பக்கத்துக்குள் அதில் சொல்லலாம். வீட்டைப் பற்றியும் முன்பே தீர்மானம் வேண்டும். பல்கலைக்கழக விடுதியின் ஒற்றை அறையில் துணைவர் தங்க அனுமதி இராது. தனியார் வாடகை ஒப்பந்தங்களிலும் ஒருவர் மட்டுமே வசிக்கலாம் என்ற நிபந்தனை இருக்கக்கூடும்.

மறுப்பு வந்தால் மனம் தளர வேண்டாம். மாணவர் பணியகத்துக்கு நேரில் சென்று காரணத்தைக் கேட்டறியலாம், குறையைச் சரிசெய்து மீண்டும் விண்ணப்பிக்கலாம்.

மூன்றாம் படி: விசா

சான்றிதழ் கிடைத்ததும் மாணவர் அதை இங்கே அனுப்பிவைப்பார். 2023 மார்ச் முதல் மின்னஞ்சல் வழியாகவும் அதைப் பெறலாம் என்பதால், கூரியருக்காகக் காத்திருக்கும் நாட்கள் மிச்சமாகின்றன. அதன் ஆயுள் வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதம். விசா பெறுவது மட்டுமன்றி, ஜப்பானில் சென்று இறங்குவதும் அந்த மூன்று மாதத்துக்குள் நடக்க வேண்டும். ஆடி முடியட்டும், வளைகாப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்டு நாளைக் கடத்திவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க நேரிடும்.

கேரளமும் ஆந்திரமும் சென்னையிலுள்ள ஜப்பான் துணைத் தூதரகத்தின் எல்லைக்குள் வருகின்றன. ஜெர்மனிக்குப் போன உறவினர் பெங்களூருக்குச் சென்றார் என்று கேள்விப்பட்டு, பாலக்காட்டிலிருந்து அங்கே போய்விட வேண்டாம், ஒவ்வொரு நாட்டுக்கும் எல்லைப் பிரிவு வேறு. விண்ணப்பம், விசா விண்ணப்பங்களை வாங்கிக் கொடுக்கும் தனியார் நிறுவனமான விஎஃப்எஸ் மையத்தின் வழியே தூதரகத்துக்குச் செல்கிறது. தகுதிச் சான்றிதழ் இருப்பதால் இந்தப் படி எளிது. சிக்கல் இல்லாத விண்ணப்பத்துக்கு ஐந்து வேலை நாட்கள் என்பது ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் கூறும் பொதுவான கால அளவு.

நான்காம் படி: அட்டையைப் பெறுதலும் முதல் பதினான்கு நாட்களும்

நரிதா, ஹனேதா, சூபு, கன்சாய், நியூ சித்தோஸே, ஹிரோஷிமா, ஃபுகுவோகா ஆகிய விமான நிலையங்களில் இறங்குவோருக்கு அட்டை அங்கேயே வழங்கப்படும். வேறு நிலையங்களில் இறங்கினால், முகவரியைப் பதிவு செய்த பின் தபாலில் வரும். ஆகவே பயணச்சீட்டு எடுக்கும்போதே இதைக் கவனியுங்கள். பாஸ்போர்ட், தகுதிச் சான்றிதழ் அல்லது அதன் மின்னஞ்சல் வடிவம், கணவரின் முகவரி, தொலைபேசி எண் ஆகியவை கைப்பையில் இருக்கட்டும்.

அட்டையைப் பெற்றதும் அங்கேயே நின்று பெயர், பிறந்த தேதி, தகுதி, காலாவதி நாள் ஆகியவற்றைச் சரிபாருங்கள். முன்பக்கத்தில் வேலை செய்ய அனுமதி இல்லை என்று அச்சிடப்பட்டிருக்கும். குடும்பத் தங்கலுக்கு அது இயல்பானது, பயப்பட வேண்டாம். முகவரிக்கான கட்டங்கள் பின்பக்கத்தில் வெறுமையாக இருக்கும்.

வீட்டில் குடியேறிய 14 நாட்களுக்குள் அட்டையுடன் நகர அல்லது வட்ட அலுவலகத்துக்குச் சென்று குடியேற்ற அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். திருமணச் சான்றிதழையும் அதன் ஜப்பானிய மொழிபெயர்ப்பையும் கையோடு கொண்டு செல்லுங்கள், ஒரே குடும்பமாகப் பதிவு செய்ய அவை தேவைப்படும். அதிகாரி அட்டையின் பின்பக்கத்தில் முகவரியை அச்சிட்டுத் தருவார். இந்த அறிவிப்பைத் தவறவிட்டால் 2,00,000 யென் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. 90 நாட்கள் கடந்தும் செய்யாவிட்டால் தங்கல் தகுதியே பறிபோகக்கூடும். பின்னாளில் வீடு மாறினாலும் இதே 14 நாள் விதி பொருந்தும்.

அதே அலுவலகத்தில், அதே நாளில், தேசியச் சுகாதாரக் காப்பீட்டிலும் சேர்ந்துகொள்ளுங்கள். மருத்துவச் செலவில் 30 சதவீதம் மட்டும் உங்கள் பங்காக இருக்கும். வருமானம் இல்லாதவர்களும் ‘வருமானம் இல்லை’ என்று அறிவித்துவிட்டால் காப்பீட்டுக் கட்டணம் குறைக்கப்படும். அறிவிக்காமல் இருப்பவருக்கு அந்தச் சலுகை கிட்டுவதில்லை என்பதை யாரும் தேடி வந்து சொல்ல மாட்டார்கள். 20 முதல் 59 வயது வரை உள்ளவர்கள் தேசிய ஓய்வூதியத்திலும் சேர வேண்டும். 2025ஆம் நிதியாண்டில் அதற்குக் கட்ட வேண்டிய மாதத் தொகை 17,510 யென். வருமானம் குறைந்தவர்கள் விலக்குக் கேட்டு விண்ணப்பிக்கலாம். கட்டணச் சீட்டு வந்ததும் அதை அலமாரியில் வைத்துவிடாமல் அலுவலகத்தில் விலக்குப் படிவத்தைக் கேளுங்கள். மை நம்பர் எனப்படும் 12 இலக்கத் தனிநபர் அடையாள எண் சில வாரங்களில் தபாலில் வரும்.

வேலை, பயணம், நீட்டிப்பு

வேலை செய்ய விரும்பும் துணைவர், தகுதிக்கு அப்பாற்பட்ட செயலுக்கான அனுமதியைக் குடிவரவுப் பணியகத்தில் பெற வேண்டும். புதிதாக வரும் மாணவர்கள் இதை விமான நிலையத்திலேயே கேட்கலாம், துணைவர்களுக்கு அந்த வசதி இல்லை. கட்டணம் கிடையாது. அனுமதி கிடைத்ததும், வாரம் 28 மணி நேரத்துக்குள் என்ற குறிப்பு அட்டையின் பின்பக்கத்தில் பதிக்கப்படும். இரண்டு கடைகளில் வேலை செய்தாலும் கூட்டுத்தொகை 28தான். மது விருந்து விடுதி, பச்சின்கோ சூதாட்டக் கூடம் முதலிய இடங்களில் பாத்திரம் கழுவும் வேலைகூடச் செய்யக் கூடாது. வரி அலுவலகத்தின் பதிவில் வருமானம் தெரிந்துவிடும் என்பதால், அளவை மீறி உழைத்தது நீட்டிப்பின்போது வெளிப்பட்டு, இருவரின் தங்கலையும் ஆபத்தில் தள்ளக்கூடும்.

அட்டையை எப்போதும் உடன் வைத்திருப்பது சட்டக் கடமை. காய்கறி வாங்கப் போகும்போதும் அது பையில் இருக்கட்டும். தொலைந்துபோனால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துச் சான்று பெற்று, 14 நாட்களுக்குள் மறு அட்டைக்கு விண்ணப்பியுங்கள். பொங்கலுக்கோ ஓணத்துக்கோ ஊருக்கு வந்து திரும்புவதாக இருந்தால், புறப்படும்போது வெளியேறும் படிவத்தில் மீண்டும் நுழையும் எண்ணம் உண்டு என்ற கட்டத்தில் குறியிட்டு, ஓராண்டுக்குள், அதுவும் தங்கல் காலம் முடிவதற்குள், திரும்பிவிட வேண்டும்.

ஜப்பானில் குழந்தை பிறந்தால் 14 நாட்களுக்குள் நகர அலுவலகத்தில் பிறப்பையும், 30 நாட்களுக்குள் பணியகத்தில் குழந்தைக்கான தங்கல் தகுதியையும் பதிவு செய்ய வேண்டும். மணமுறிவோ துணைவரின் மறைவோ நேர்ந்தால், 14 நாட்களுக்குள் அதையும் பணியகத்துக்கு அறிவிக்க வேண்டும்.

தங்கல் காலம் முடிவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்தே நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 2025 ஏப்ரல் 1 அன்று 4,000 யென்னிலிருந்து 6,000 யென்னாக உயர்ந்தது. துணைவரின் காலம் மாணவரின் காலத்தையே சார்ந்திருப்பதால், இருவரும் ஒரே நேரத்தில் விண்ணப்பிப்பது நல்லது. மாணவர் படிப்பை முடித்து வேலைக்குச் சென்று தம் தகுதியை மாற்றிக்கொண்டாலும், துணைவர் குடும்பத் தங்கலிலேயே தொடரலாம். ஆனால் அடுத்த நீட்டிப்பின்போது உதவித்தொகைச் சான்றுக்குப் பதிலாகப் பணிச் சான்றும், நகர அலுவலகம் தரும் உள்ளூர் வரிச் சான்றும் கேட்கப்படும். முதல் சம்பள மாதத்திலிருந்தே அந்தத் தாள்களை ஒரு கோப்பில் சேர்த்துவரலாம்.